நெஞ்சுக்குக் கூலி எங்கே?



ஆண்டிலே ஒரு நாள் ஆசிரியருக்கு மாலை. மற்ற நாளெல்லாம் அவருக்கு விசாரணை. இதுதான் இந்த நாட்டின் நடைமுறை. 1962ஆம் ஆண்டு முதல் செப்டம்பர் 5ஆம் நாளை ஆசிரியர் தினம் என்று கொண்டாடி வருகிறோம். அன்றைக்கு மேடை உண்டு, சால்வை உண்டு, சந்தனம் உண்டு. ஆசிரியர் தெய்வம் என்பார் ஒருவர். தெய்வத்தினும் மேல் என்பார் அடுத்தவர். தன்னை உருக்கி ஒளி தரும் மெழுகுவர்த்தி என்று முடித்து வைப்பார் தலைமை தாங்குபவர். மெழுகுவர்த்தி என்ற சொல் காதில் விழுந்தவுடன் கைதட்டல் எழும். உருகிப் போவது இன்னொருவர் என்றால் கைதட்டுவதற்கு என்ன தடை?

அந்தக் கைதட்டலைப் பற்றித்தான் இந்த ஞாயிறன்று உங்களோடு சற்றே வழக்காட விரும்புகிறேன்.

2025ஆம் ஆண்டின் ஆசிரியர் தினம் வந்த அதே வாரத்தில், கடலூரை அடுத்த குடிகாட்டுப் பகுதியில் பூச்சிமருந்து ஆலையொன்றிலிருந்து நச்சுப்புகை கிளம்பிற்று. கண் எரிந்தது, மூச்சுத் திணறியது. ஆணும் பெண்ணுமாய் மக்கள் கடலூர் அரசு மருத்துவமனைக்குக் கொண்டு செல்லப்பட்டனர். குடிகாடு எங்கே இருக்கிறது என்று வெளி மாவட்டத் தோழர்கள் கேட்கக்கூடும். கடலூரிலிருந்து சிதம்பரம் போகும் நெடுஞ்சாலையிலே சென்றால், உப்பனாற்றை ஒட்டி சிப்காட் தொழிற்பேட்டையின் புகைபோக்கிகள் வரிசையாகத் தென்படும். அந்த வரிசைக்கு நடுவே அகப்பட்டுக் கொண்ட ஊர்களில் ஒன்று குடிகாடு. பேருந்தில் போகிறவர் மூக்கைப் பொத்திக்கொண்டு ஐந்து நிமிடத்தில் தாண்டிவிடலாம். அங்கே குடியிருப்பவர் எத்தனை நேரம் மூக்கைப் பொத்துவது?

செப்டம்பரில் நடந்தது முதல் நிகழ்ச்சியுமன்று. அதே ஆண்டு மே 15ஆம் நாள் விடியுமுன், ஊர் உறங்கிக் கொண்டிருந்த வேளையில், துணி ஆலையொன்றின் கழிவுநீர்த் தொட்டி வெடித்து, இரசாயன நீர் குடிகாட்டு வீடுகளுக்குள் புகுந்தது. ஜூலை 8ஆம் நாள் காலையில், அருகிலுள்ள செம்மங்குப்பம் ரயில்வே கேட்டில், பள்ளிக் குழந்தைகளை ஏற்றிச் சென்ற வேன் மீது ரயில் மோதியது. மூன்று மாணவச் செல்வங்கள் மாண்டனர். மே, ஜூலை, செப்டம்பர்! நான்கு மாதத்திற்குள், சில கல் தொலைவிற்குள், மூன்று பேரிடி.

தொட்டியைப் பற்றி ஏடுகள் எழுதின. கேட்டைப் பற்றி எழுதின. புகையைப் பற்றியும் எழுதின. எழுத வேண்டியவைதாம், மறுக்கவில்லை. ஆனால் இவற்றுக்கெல்லாம் பிறகு ஒரு காலை வருகிறது. மணி அடிக்கிறது. குழந்தைகள் வந்து உட்காருகிறார்கள். அவர்கள் எதிரே ஓர் ஆள் நிற்க வேண்டும். நடுங்காமல் நிற்க வேண்டும். வருகைப் பதிவேட்டைத் திறந்து பெயர் கூப்பிட வேண்டும். சாவு புகுந்த வகுப்பென்றால் ஒரு பெயருக்கு விடை வராது. அந்தப் பெயரைச் சிவப்பு மையால் அடிக்க வேண்டிய கையும் அதே கைதான். பக்கத்து இடம் காலியாய்க் கிடக்க, அதைப் பார்த்துப் பார்த்து விம்மும் பிள்ளையைத் தேற்ற வேண்டும். தேற்றிவிட்டு, பாடத்திட்டம் பின்தங்கிவிட்டதே என்று பின்னம் நடத்த வேண்டும். மாலையில் அந்தப் பாடம் இணையத்திலே ஏற்றப்பட்டதா என்று மேலிடத்துக்கு விடை சொல்லவும் வேண்டும்.

இது உழைப்பா, இல்லையா? மூட்டை தூக்கினால் உழைப்பு. முதுகு வளைவது தெரிகிறது. தறி ஓட்டினால் உழைப்பு. துணி மீட்டர் கணக்கிலே நீளுகிறது. நெஞ்சைப் பிடித்துக்கொண்டு முகத்தைச் சிரிக்க வைப்பதற்கு என்ன பெயர்? 1983இல் ஆர்லி ஹாக்சில்டு என்ற அமெரிக்கச் சமூகவியல் அறிஞர் அதற்கொரு பெயர் கொடுத்தார்: உணர்ச்சி உழைப்பு. விமானப் பணிப்பெண்களை ஆராய்ந்து அவர் கண்டது இதுதான்: மனத்தில் இல்லாத புன்னகையை முகத்தில் வரவழைப்பதும், மனத்தில் பொங்கும் வெறுப்பை முகத்தில் காட்டாதிருப்பதும் அந்த வேலையின் பகுதியாகவே விற்கப்படுகின்றன. விமானக் கம்பெனியாவது அந்தப் புன்னகையைப் பயணச்சீட்டோடு சேர்த்து விற்றது. பள்ளிக்கூட ஆசிரியையிடம் நாடு வாங்கும் ஆறுதலுக்கோ விலைச்சீட்டே இல்லை. அதற்குத் 'தியாகம்' என்று பெயர் சூட்டிவிட்டோம். தியாகத்திற்குக் கூலி கேட்பது பாவமல்லவா? ஆகவே கேட்பவர் வாயும் அடைபட்டது.

குடிகாட்டைப் போன்ற ஊரிலே இந்த உழைப்புக்கு இன்னொரு கொடுமை சேருகிறது. தானே நம்பாத ஒன்றைப் பிள்ளைகள் நம்பும்படி சொல்ல வேண்டியிருப்பது. பாடநூலிலே காற்று இருக்கிறது: நைட்ரஜன் இவ்வளவு, ஆக்சிஜன் இவ்வளவு. சன்னல் வழியே வருவது வேறு காற்று. 2008ஆம் ஆண்டு ஏடுகள் ஒரு செய்தி வெளியிட்டன: நாகபுரித் தேசியச் சுற்றுச்சூழல் பொறியியல் ஆய்வு நிலையத்தின் அறிக்கைப்படி, சிப்காட் சுற்றுவட்டார மக்களுக்குப் புற்றுநோய் வரும் வாய்ப்பு இயல்பினும் குறைந்தது 2,000 மடங்கு. 2009இல் மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியமும் கடலூரைக் கடும் மாசுப் பகுதிகளின் பட்டியலிலே சேர்த்தது. எட்டாம் வகுப்புப் பெண்ணொருத்தி எழுந்து, "டீச்சர், எங்களுக்கும் அந்த நோய் வருமா?" என்று கேட்டால் என்ன விடை சொல்வது? வராது என்றால் பொய். வரும் என்றால் கொடுமை. தெரியாது என்றால், பிறகு எதற்கு ஆசிரியை? அந்த ஒரு கேள்வியைத் தாங்கி நிற்கும் நிமிடத்திற்கு ஊதியக் குழுக்கள் எந்தப் படியை நிர்ணயித்தன?

இங்கே நம்மவரிலேயே சிலர் முணுமுணுப்பது கேட்கிறது. "வாத்தியாருக்கென்ன குறை? கைநிறையச் சம்பளம், கோடை விடுமுறை, காலாண்டு விடுமுறை. போதாததற்கு வட்டிக்கு வேறு விடுகிறார்கள்!" தேநீர்க் கடைப் பெஞ்சில் நாள்தோறும் கேட்கும் பேச்சு. விடை சொல்லுகிறேன். வட்டிக்கு விடுபவர் உண்டு. பிள்ளையை அடிப்பவர் உண்டு. சாதி கேட்டு, பெஞ்சு பிரித்து உட்கார வைப்பவரும் உண்டு. அவர்களுக்காக இந்த ஏடு ஒரு வரி மையும் செலவிடாது. ஆனால் கைநிறையச் சம்பளம் எவர் கைக்கு? 2012இல் ஓவியம், தையல், உடற்பயிற்சி போன்ற பாடங்களுக்காக ஏறத்தாழ 16,500 பேரைப் பகுதிநேர ஆசிரியர்களாக எடுத்தார்கள். வாரத்தில் மூன்று அரை நாள். மாதச் சம்பளம் 5,000 ரூபாய்! பிள்ளைக்கு அவர் பகுதிநேர ஆசிரியர் என்பது தெரியுமா? அழும் குழந்தை அரை நாளோடு அழுகையை நிறுத்திக் கொள்ளுமா?

இடைநிலை ஆசிரியர் கதையோ இன்னும் விந்தை. 2009ஆம் ஆண்டு மே 31ஆம் நாள் வரை வேலையில் சேர்ந்தவருக்கு அடிப்படை ஊதியம் 8,370 ரூபாய். ஜூன் முதல் நாள் சேர்ந்தவருக்கு 5,200. ஓர் இரவு, 3,170 ரூபாய்ப் பள்ளம். ஒரே பள்ளி, ஒரே வகுப்பு, ஒரே சுண்ணாம்புக்கட்டி! சம வேலைக்குச் சம ஊதியம் கேட்டு 2022 டிசம்பரிலும் 2023இலும் சென்னை டி.பி.ஐ. வளாகத்திலே பட்டினி கிடந்தார்கள். பெண்கள் மயங்கி விழுந்தார்கள். அந்தப் பட்டினிக்குப் பிறகும் பள்ளிக்குத் திரும்பி, மதிய உணவுத் தட்டோடு வரும் பிள்ளையைப் பார்த்துச் 'சாப்பிட்டாயா கண்ணு' என்று கேட்டவர்கள் அவர்கள்தாம். ஆட்சிகள் மாறின, ஆளவந்தார் மாறினர், அந்தத் தேதிக் கணக்கு மட்டும் ஆண்டுக்கணக்கில் அசையவில்லை.

சரி, பணத்தை விடுங்கள். பணம் மட்டுமே பேச்சென்றால் இந்தக் கட்டுரைக்கு வேலையில்லை. அதை ஆசிரியர் சங்கங்கள் நம்மைவிட நன்றாகப் பேசும். நான் கேட்பது வேறு. பிள்ளைகளை ஆசிரியர் தேற்றுகிறார். ஆசிரியரைத் தேற்றுபவர் யார்?

கடலூர் மாவட்டத்துத் தோழர்களுக்கு 2004 டிசம்பர் 26ஐ நினைவூட்ட வேண்டியதில்லை. தேவனாம்பட்டினம், சோனாங்குப்பம், சிங்காரத்தோப்பு. பெயரைச் சொன்னாலே போதும். அலை வந்து போன பிறகு, புத்தாண்டிலே பள்ளிகளைத் திறந்தாக வேண்டும். அப்போது அரசுக்கு ஓர் உண்மை பளிச்சென்று புலப்பட்டது: கடலைக் கண்டாலே அலறும் பிள்ளையை, தாயைத் தொலைத்த பிள்ளையை, இரவிலே திடுக்கிட்டு எழும் பிள்ளையை நாள்தோறும் பார்க்கக்கூடிய ஒரே ஆள் வகுப்பாசிரியர்தான்! மனநல மருத்துவர்கள் விரல் விட்டு எண்ணும் அளவே. ஆசிரியர்களோ ஊருக்கு ஊர் இருந்தார்கள். பெங்களூரிலிருந்து நிம்ஹான்ஸ் மருத்துவமனையின் வல்லுநர்கள் வந்தனர். பிள்ளைகளை வரையச் சொல்லுங்கள், விளையாட விடுங்கள், பேசத் தொடங்கினால் குறுக்கிடாமல் கேளுங்கள் என்று ஆசிரியர்களுக்கும் தொண்டர்களுக்கும் பயிற்சி தந்தனர். நல்ல காரியம். மிக நல்ல காரியம். பிள்ளைகள் கறுப்பு வண்ணத்தில் கடலை வரைந்தால், அதைக் கையிலே வாங்கிப் பார்த்து, 'நன்றாக இருக்கிறது' என்று சொல்லும் வேலை ஆசிரியருக்கு வந்தது.

ஆனால் எண்ணிப் பாருங்கள். கரையோரத்தில் குடியிருந்த ஆசிரியர்களும் அந்த அலையைக் கண்டவர்கள்தாமே? அவர்களுக்கும் உறவினர் உண்டு. அவர்கள் இரவிலும் கடல் இரைந்திருக்கும். ஆறுதல் வழங்கும் குழாயாக அவர்களைப் பயன்படுத்தினோம். குழாய்க்குத் தாகம் உண்டா என்று எவரும் கேட்பதில்லை! ஆழிப்பேரலை ஓய்ந்தது, பயிற்சியும் ஓய்ந்தது. 2011 டிசம்பரில் தானே புயல், 2015இல் பெருவெள்ளம். ஒவ்வொரு முறையும் பள்ளிக்கூடமே முகாம், வகுப்பறையே அடைக்கலம். தண்ணீர் வடிந்ததும் சேறு கழுவி, அதே அறையிலே அகர வரிசை.

இதற்குச் சட்டமும் துணை நிற்கிறது என்பதைத் தோழர்கள் கவனிக்க வேண்டும். 2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம், 27ஆம் பிரிவில், ஆசிரியர்களைக் கல்வி அல்லாத வேலைக்கு அனுப்பக்கூடாது என்று கண்டிப்பாகக் கூறுகிறது. கூறிவிட்டு மூன்று வாசல்களைத் திறந்து வைக்கிறது: மக்கள்தொகைக் கணக்கெடுப்பு, தேர்தல், பேரிடர் நிவாரணம். கடலூர் மாவட்டத்திலே பேரிடருக்குப் பஞ்சமா? தேர்தலுக்குத்தான் பஞ்சமா? 2025 நவம்பர் 4ஆம் நாள் வாக்காளர் பட்டியல் தீவிரத் திருத்தம் தொடங்கிற்று. வாக்குச்சாவடி நிலை அலுவலர் என்ற பெயரில் ஆசிரியரும் அங்கன்வாடி ஊழியரும் படிவக் கட்டோடு தெருவில் நடந்தனர். வேலைப் பளு தாளாமல் பல மாநிலங்களில் அலுவலர்கள் மாண்டதாகச் செய்தி வந்தது. டிசம்பரில் உச்சநீதிமன்றமே தலையிட்டு, கூடுதல் ஆட்களைக் கொடுங்கள் என்று மாநிலங்களுக்குச் சொல்ல வேண்டி வந்தது. அறுபது பிள்ளைகள் வரை இரண்டே ஆசிரியர் போதும் என்கிறது தொடக்கப் பள்ளிக்கான சட்டக் கணக்கு. இருவரில் ஒருவர் படிவத்தோடு போனால் மற்றவருக்கு ஐந்து வகுப்பு. ஐந்து வகுப்பை ஒருவரே மேய்க்கும் நாளில், மூலையிலே சாப்பிடாமல் உட்கார்ந்திருக்கும் பிள்ளை கண்ணில் படுமா? படவில்லை என்றால், பின்னாளில் குற்றம் யார் தலையில்?

குற்றம் என்றதும் இங்கிலாந்திலே நடந்தது நினைவுக்கு வருகிறது. 2023 சனவரியில், ரீடிங் நகரத்துத் தொடக்கப் பள்ளித் தலைமையாசிரியை ஒருவர் தம் உயிரை மாய்த்துக் கொண்டார். அதற்குச் சில வாரங்களுக்கு முன்புதான் அரசின் ஆய்வுக் குழு அவர் பள்ளிக்கு வந்து போயிருந்தது. பள்ளி முழுவதற்கும் ஒற்றைச் சொல்லில் தீர்ப்பெழுதும் வழக்கம் அங்கே. அந்த ஆய்வும் அவர் மரணத்திற்கு ஒரு காரணம் என்று அதே ஆண்டு டிசம்பரில் மரண விசாரணை அதிகாரி முடிவு கூறினார். 2024 செப்டம்பரில் அந்த ஒற்றைச் சொல் தீர்ப்பு முறை கைவிடப்பட்டது. செல்வம் கொழிக்கும் நாடு. சட்டம் பேசும் நாடு. அங்கேயே ஓர் உயிர் போன பிறகுதான் முறை மாறிற்று. இங்கே நாம் எதற்காகக் காத்திருக்கிறோம்?

உலகம் இதை அறியாமலும் இல்லை. 1966 அக்டோபர் 5ஆம் நாள் பாரிசு நகரத்திலே யுனெசுகோவும் பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பும் கூடி, ஆசிரியர் நிலை பற்றிய பரிந்துரையை ஏற்றன. ஆசிரியரின் வேலை நேரத்தை வரையறுக்கும்போது எவற்றையெல்லாம் கணக்கிலே கொள்ள வேண்டும் என்று அதில் ஒரு பட்டியல் உண்டு. பாடம் நடத்தும் நேரம் மட்டுமன்று. மாணவருக்கு ஆலோசனை கூறும் நேரம், பெற்றோரோடு பேசும் நேரம் ஆகியவையும் அந்தப் பட்டியலில் இருக்கின்றன. ஆறு பத்தாண்டுகளாய் இருக்கின்றன! நம் நாட்டுக் கால அட்டவணையில் அந்த நேரத்திற்கு ஒரு கட்டம் எங்கே? தமிழ், ஆங்கிலம், கணக்கு, அறிவியல், சமூகவியல். அழுகைக்கு எந்தப் பாடவேளை?

எண்ணப்படாதது இல்லாததாகிவிடும், இதைக் குடிகாட்டு மக்களிடம்தான் நாடு கற்க வேண்டும். நாற்றம் அடிக்கிறது என்று முறையிட்டார்கள். நாற்றமா, எங்கே, ஆதாரம் உண்டா என்றது அதிகாரம். 2004 முதல் சிப்காட் ஊர்களின் மக்களே ஒரு குழுவாகச் சேர்ந்தார்கள். இன்ன நாள், இன்ன மணி, இன்ன திசைக் காற்று, இன்ன நாற்றம் என்று குறிப்பேட்டிலே எழுதி வைத்தார்கள். காற்றைப் பையிலே பிடித்துச் சோதனைக்கு அனுப்பினார்கள். எழுத்திலே வந்த பிறகுதான் நாற்றம் அதிகாரத்தின் மூக்குக்கு எட்டிற்று. மூக்கால் முகர்ந்ததைக் கணக்காக்கிக் காட்டிய ஊர் அது. நெஞ்சால் சுமப்பதையும் கணக்காக்க முடியும். முதலில் கேட்க வேண்டும்.

ஆசிரியரும் எழுத வேண்டும், எழுதுவதில்லை. ஏன்? 'எனக்குத் தாளவில்லை' என்று எழுதிக் கொடுத்தால் 'திறமையற்றவர்' என்ற முத்திரை விழும் என்ற அச்சம். பிள்ளைகளுக்கு 14417 என்ற தொலைபேசி எண் இருக்கிறது, நல்லது. ஆசிரியர் தம் மனத்தைத் திறக்க வேண்டுமானால் எதிரே இருப்பவர் பெரும்பாலும் அவருடைய மேலதிகாரி. மாறுதல் கையெழுத்துப் போடும் கையிடம் மனப்புண்ணை யார் காட்டுவார்? தொடக்கப் பள்ளிகளிலே பெரும்பாலோர் பெண்கள். பள்ளியில் முப்பது பிள்ளைகளிடம் நெஞ்சைக் கொடுத்துவிட்டு வீட்டுக்கு வந்தால், அங்கே மாமியாருக்கு முகம் மலர வேண்டும், கணவனுக்கு முகம் மலர வேண்டும். பெற்ற பிள்ளைக்கு மிஞ்சுவது எரிந்து விழுவதற்கான சொல் மட்டும்தான். (ஆண் ஆசிரியர்களுக்கு இது இல்லையா என்று கேட்கும் தோழர், தம் வீட்டு அடுக்களையை ஒருமுறை எட்டிப் பார்த்துவிட்டு எழுதட்டும்.)

இனி நம் பக்கம் வருகிறேன். கசப்பாகத்தான் இருக்கும்.

நம் கிளைக் கழகத்துத் தோழர்களிலே சிலர் பள்ளிக்கூடத்திற்குள் நுழையும் தோரணை எப்படி? கரை வேட்டி முன்னே போகிறது, குரல் அதற்கும் முன்னே போகிறது. தன் வார்டுப் பையனுக்கு மதிப்பெண் குறைந்தால் தலைமையாசிரியர் அறையிலே மேசையைத் தட்டுவது. கூட்டம் சேர்க்கப் பள்ளித் திடல் கேட்டு, இல்லையென்றால் 'உன்னை எங்கே மாற்றுகிறேன் பார்' என்பது. ஆளவந்தாரின் அதிகாரத்தை எதிர்த்து மேடையிலே முழங்கும் நாக்கு, ஐந்தாம் வகுப்பு ஆசிரியையிடம் அதே அதிகாரத்தைக் காட்டலாமா? நாள் முழுதும் பிள்ளைகளுக்காக அடக்கிய கண்ணீர், நாம் தட்டிய மேசையின் முன்னே உடைந்தால் அந்தப் பாவம் எவர் கணக்கிலே எழுதப்படும்? நாங்குநேரியில் 2023 ஆகஸ்டில் மாணவனை மாணவனே வெட்டிய பிறகு, சாதியைப் பள்ளியிலிருந்து விரட்ட ஆசிரியர்கள் என்ன செய்தார்கள் என்று நாடே கேட்டது. கேட்க வேண்டியதுதான். ஆனால் பிள்ளையின் கையிலே வண்ணக் கயிறு கட்டி அனுப்பியது ஊர். கயிற்றை அவிழ்க்கச் சொன்ன ஆசிரியரின் வீட்டு வாசலிலே பத்துப் பேர் வந்து நிற்கும்போது, அந்த வாசலில் நாம் எந்தப் பக்கம் நின்றோம்?

ஆகவே கடலூர், சிதம்பரம் வட்டாரத் தோழர்கள் உடனே கையில் எடுக்க வேண்டிய வேலை ஒன்று உண்டு. ஆசிரியரின் மனப்பாரத்தில் பாதி, சிப்காட் ஊர்களைப் பொறுத்தமட்டில், அறியாமையால் வருவது. ஆலையில் என்ன இருக்கிறது என்று அவருக்குத் தெரியாது. என்ன கசிந்தால் என்ன செய்வது என்று தெரியாது. 1984இல் போபால் கண்ட நாடு இது. அதன் பிறகு 1989இல் வந்த அபாயகர இரசாயன விதிகள் தெளிவாகச் சொல்லுகின்றன: ஆலைக்கு வெளியே உள்ள மக்களுக்கான அவசரகாலத் திட்டம் மாவட்ட நிர்வாகத்திடம் இருக்க வேண்டும், பாதிக்கப்படக்கூடியவர்களுக்கு முன்கூட்டியே விவரம் தெரிவிக்கப்பட வேண்டும். பகலிலே ஓர் ஊரின் பிள்ளைகள் முழுவதும் ஒரே கூரையின் கீழ் இருக்கும் இடம் பள்ளி. அந்தக் கூரையை விட்டுவிட்டு வேறு எவருக்கு முதலில் தெரிவிப்பது?

பள்ளி மேலாண்மைக் குழுவில் முக்கால்வாசி இடம் பெற்றோருக்கு. அந்தப் பெற்றோரிலே நம் தோழர்கள் இருக்கிறார்கள். அடுத்த கூட்டத்திலே எழுந்து, தீர்மானமாகவே கொண்டு வாருங்கள். இந்தப் பள்ளியைச் சுற்றி உள்ள ஆலைகளில் என்னென்ன நச்சு இருக்கிறது என்ற தாள் தலைமையாசிரியர் மேசைக்கு வர வேண்டும். காலை 11 மணிக்கு நாற்றம் வந்தால் கதவை மூடுவதா, வெளியே ஓடுவதா, ஓடினால் காற்றுக்கு எந்தப் பக்கம் என்பதைத் தமிழிலே எழுதிச் சுவரில் ஒட்ட வேண்டும். சங்கு ஊதுவது யார், தொலைபேசியை எடுப்பது யார் என்று பெயர் குறிக்க வேண்டும். இவ்வூர்ப் பள்ளிகளின் ஆசிரியரைப் படிவ வேலைக்கு எடுத்தால், எடுத்த அன்றே மாற்றாள் வர வேண்டும். மாதம் ஒருமுறையாவது, கல்வித் துறை அதிகாரியாக இல்லாத மனநல ஆலோசகர் ஒருவர், பிள்ளைகளுக்காக வரும்போது ஆசிரியர்களுக்காகவும் ஒரு மணி நேரம் ஒதுக்க வேண்டும். அங்கே பேசியது எந்தக் கோப்பிலும் ஏறக்கூடாது. தீர்மானத்தின் ஒரு படி மாவட்ட ஆட்சியருக்கு, ஒரு படி தொழிற்சாலைப் பாதுகாப்பு இயக்குநரகத்துக்கு, மூன்றாவது படி நம் ஏட்டுக்கு.

அனுப்பி முப்பது நாள் பாருங்கள். விடை வராத பள்ளிகளின் பெயர்ப் பட்டியலை இதே பக்கத்தில் வெளியிடுகிறோம்.